சம்பந்தி வீட்டு ஷட்டர்

காலை ஏழு மணிக்குக் கடைமடை வாய்க்காலின் அடியில் ஒரு தவளை நடந்து போய்க்கொண்டிருந்தது. குதிக்கக்கூட அதற்குத் தெம்பில்லை. அனார்கான் கரையில் நின்று போனைக் காதில் வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனில் நடுமடைக்காரி ஒருத்தி. பால் கறக்க எழுந்தவளை அனார்கான் வாய்க்காலுக்கு விரட்டியிருந்தாள்.

"இங்கயும் கல்லுதான் தெரியுது அக்கா. சொட்டுத் தண்ணி வரல. மேல ஷட்டரை இன்னும் மூடலபோல."

"மூடல. மூடவும் மாட்டாங்க," என்று சொல்லிவிட்டு அனார்கான் போனைப் பைக்குள் போட்டாள். விடிய ஆறு மணிக்கே தலைமடைக்காரர்களின் முறை முடிந்து கடைமடையின் முறை தொடங்கிவிட்டது. ஆறு மணிக்குத் தலைமடைக் கிளை வாய்க்காலின் ஷட்டரை இறக்கியிருந்தால் நடுமடையில் இந்நேரம் தண்ணீர் சலசலக்க வேண்டும்.

வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பிரித்துவிடும் ஆளுக்கு எங்கள் பக்கத்தில் முராப் என்று பெயர். வசந்தத்தில் புது முராப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடினபோது, யாரோடும் சண்டை போடாத ஓர் ஆளைத்தான் தேடினார்கள். அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. எல்லோரோடும் சமமாகச் சண்டை போடும் அனார்கான் இருந்தாள், அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

அவள் வந்த நேரம் மலையில் பனி பேருக்குத்தான் விழுந்தது. ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கு வழக்கத்தில் பாதிகூடக் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டுத் தொண்டை வறளக் கத்தி, வாரத்தை மூன்றாகப் பிரித்தார்கள். கடைமடைக்கு மூன்று நாள், நடுமடைக்கு இரண்டு, தலைமடைக்கு இரண்டு. மூன்று ஊர்ப் பெரியவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். கடைமடையில் எழுபது வீடு. வீட்டுக்கு ஒரு மணி நேரம், அதற்குமேல் ஒரு நிமிஷம் கிடையாது. மூன்று நாளில் மிஞ்சுகிற இரண்டு மணி நேரம் வழியில் மண் குடிப்பதற்கு. யார் முன்னால், யார் பின்னால் என்று சீட்டுக் குலுக்கிப் பட்டியல் போட்டாள். முராப் வீட்டுக்கு மட்டும் சீட்டு கிடையாது. எப்போதும் கடைசிதான், எழுபதாவது. மேலே ஒரு மணி நேரம் வீணானால் பட்டியலின் வால் ஒரு வீடு குறையும். இதையும் கடைமடைக் கூட்டத்தில் எல்லோரும் கைதூக்கித்தான் முடிவு செய்தார்கள். ஐம்பது அறுபது பேர் கை தூக்கும்போது தான்தான் வால் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

அறுபத்தொன்பதாவது சீட்டு கலிபாவுக்கு. புருஷன் ருஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பாதவன். நாலு பிள்ளைகள், ஒரு பசு, ஒரு துண்டு மக்காச்சோளம். அவள் முறை வர இன்னும் மூன்று நாள் இருந்தது. ஆனாலும் விடிந்ததும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்து உட்கார்ந்திருந்தாள்.

"அனார்கான் அக்கா, தண்ணி கிளம்பிருச்சா?"

"போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"என் சோளம் பூ விட்டிருச்சு அக்கா. இந்த வாரம் ஒரு தண்ணி காட்டிட்டா மணி பிடிச்சிரும். இல்லேன்னா வெறும் தட்டைதான், மாட்டுக்குப் போட."

"தெரியும்மா. எனக்கும் அதே சோளம்தான்."

அனார்கானால் அவள் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. ஏற்கெனவே ஒரு மணி நேரம் போய்விட்டது. மேலே போய்ச் சேர்வதற்குள் இன்னொரு மணி. எழுபதாவது போகட்டும், அது அவளுடையது, வயிற்றைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்துவிடலாம். அறுபத்தொன்பதாவதிடம் 'உனக்குத் தண்ணி இல்ல' என்று எந்த வாயால் சொல்வது?

எர்கேஷ் தன் பழைய லாடா காரைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றான். அவனுக்கு மூன்றாவது சீட்டு, அவன் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஊரில் எங்கே சண்டை நடந்தாலும் வண்டி ஓட்டுவது அவன்தான். பின் இருக்கையில் மண்வெட்டி கிடந்தது.

"அதை எடுத்து வெளிய போடு," என்றாள் அனார்கான்.

"சும்மா பாதுகாப்புக்கு அக்கா."

"போன வருஷமும் பாதுகாப்புக்குத்தானே கொண்டு போனீங்க? ஒருத்தன் மண்டையில ஒம்பது தையல். நீங்க மூடிட்டு இந்தப் பக்கம் திரும்புறதுக்குள்ள அவங்க மறுபடி தூக்கிட்டாங்க. பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி உக்காந்துக்கிட்டு ஷட்டருக்குக் காவல் இருக்க முடியுமா? தூக்கினவனே இறக்கணும். அப்பத்தான் நிக்கும்."

எர்கேஷ் முணுமுணுத்துக்கொண்டே மண்வெட்டியைக் கலிபாவிடம் கொடுத்தான். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு மலைப்பக்கம் ஏறியது.

தூக்கினவன் யார் என்பதில்தான் சிக்கல். தலைமடைக்குப் பொறுப்பு ஜோரொபேக். ஷட்டர் சக்கரத்தின் சாவி அவர் சட்டைப் பையில். அவர் மகனுக்குத்தான் அனார்கான் போன இலையுதிர் காலத்தில் தன் ஒரே மகள் ஜிபெக்கைக் கட்டிக் கொடுத்திருந்தாள். எங்கள் ஊரில் சொந்தத் தம்பியைத் திட்டலாம், போலீஸ்காரரைக்கூடத் திட்டலாம். சம்பந்தியைத் திட்டக் கூடாது. சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டு விரிப்பிலிருந்து சாப்பிடாமல் எழுந்தால் பத்து வருஷத்துக்குப் பேச்சு ஓடும், அதை முதல் நாளே கேட்கப் போகிறவள் அந்த வீட்டில் டீ ஊற்றிக்கொண்டிருக்கும் மகள்.

"உங்களுக்குத் தெரியாதா அக்கா, அவங்க தந்திரம்?" என்றான் எர்கேஷ். "பழைய முராப்பை எப்படிச் சமாளிச்சாங்க? ஷட்டரை மூடச் சொல்லி எப்பப் போனாலும் ஒரு ஆடு. மனுஷன் ஒரே கோடையில பதினோரு ஆடு தின்னாரு. ஒரு தடவைகூட சக்கரத்தைத் தொடல. கீழ வரும்போது பெல்ட்ல புது ஓட்டை போட்டுக்கிட்டு வந்தாரு."

"நான் சாப்பிட மாட்டேன்."

"சம்பந்தி வீட்டுல? பாக்குறேன்."

ஜோரொபேக் வாசலிலேயே காத்திருந்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

"வாங்க சம்பந்தியம்மா, வாங்க! இப்பத்தான் உங்க பேச்சு வந்துது. என்ன, சொல்லாம கொள்ளாம! ஏ சைரா, யார் வந்திருக்காங்க பாரு!"

"போன் பண்ணேன் சம்பந்தி. எடுக்கல."

"போனா? அது எங்க கிடக்கோ. வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க."

"ஷட்டர்..."

"ஷட்டர் எங்க போயிரும்? இரும்பு. முதல்ல ரொட்டி."

ரொட்டியை மறுக்க முடியாது. ரொட்டியைத் தொட்டால் பாலேட்டை மறுக்க முடியாது. பாலேட்டுக்குப் பின்னால் சர்க்கரைப் பாதாமிப் பழமும், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளும், தேனும் வரிசையாக வந்து விரிப்பில் உட்கார்ந்தன. சம்பந்தியம்மாள் சைரா அனார்கானின் இரு கன்னத்திலும் முத்தமிட்டு, மேல்வரிசையில் மூன்று மெத்தை போட்டு உட்கார வைத்தாள். எழுவதென்றால் மூன்று மெத்தையிலிருந்து இறங்கியாக வேண்டும்.

அனார்கான் ஜன்னல் வழியே பார்த்தாள். வீட்டுக்குப் பின்னால் கிளை வாய்க்கால் கரைதட்டி ஓடியது. அதற்கு அப்பால் ஜோரொபேக்கின் வெங்காய வயல். பாதி கறுத்து நனைந்திருந்தது, பாதி வெளிறிக் கிடந்தது.

"பாதிதான் நனைஞ்சிருக்கு சம்பந்தியம்மா," என்றார் ஜோரொபேக், அவள் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டு. இப்போது சிரிப்பு இல்லை. "ரெண்டு நாள் பத்தல. பொய் சொல்லல, கண்ணால பாருங்க. இந்த வறட்சியில எவனுக்குப் பத்துது?"

"யாருக்கும் பத்தல. அதனாலதான் கையெழுத்துப் போட்டோம்."

"போட்டோம், போட்டோம். டீ ஆறுது, குடிங்க."

இதற்குள் மருமகன் கொல்லைப்பக்கம் போய் ஆட்டைப் பிடிக்கும் சத்தம் கேட்டது. அனார்கான் மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஆடு என்றால் அறுத்து, உரித்து, பெரிய கொப்பரையில் வேகவைத்து, பங்கு போட்டு, நூடுல்ஸ் கிண்டி முடிய நாலு மணி நேரம். நாலு வீடு. போனதையும் சேர்த்தால் ஏழெட்டு வீடு. ஒவ்வொரு கிண்ணம் டீயும் யாரோ ஒருவர் வயலில் இரண்டு பாத்தி.

எர்கேஷ் அவள் காதோரம் குனிந்தான். "கொப்பரையில ஆடா அக்கா வேகப்போகுது? நம்ம ஊரு சோளம் வேகப்போகுது."

ஜிபெக் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். மாமனார் முன்னால் மருமகள் வாய் திறப்பதில்லை. குனிந்த தலை, நெற்றி வரை வெள்ளைத் துணி. வந்ததிலிருந்து அம்மாவை அவள் ஒருமுறைகூட நேராகப் பார்க்கவில்லை. விருந்தாளிக்கு டீ அரைக் கிண்ணம்தான் ஊற்றுவோம். திரும்பத் திரும்ப ஊற்றினால், இன்னும் இருங்கள் என்று அர்த்தம். நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று அர்த்தம். பால்குடி மறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும்.

ஜிபெக் அம்மாவின் கிண்ணத்தை வாங்கினாள். ஊற்றினாள். பாதி வந்தது, நிறுத்தவில்லை. முக்கால் வந்தது. விளிம்பு தட்டித் ததும்பும் வரை ஊற்றி, ஒரு சொட்டுச் சிந்தாமல் இரண்டு கையாலும் அம்மா முன்னால் வைத்தாள்.

விரிப்பைச் சுற்றி எல்லோர் கண்ணும் அந்தக் கிண்ணத்தில் விழுந்தது.

"என்ன மருமகளே, கை தவறிடுச்சா?" என்றாள் சைரா.

ஜிபெக் தலை குனிந்தே இருந்தாள். காது மட்டும் சிவந்தது.

இந்தப் பெண்ணின் நிம்மதி கெட்டுவிடுமே என்றுதானே அனார்கான் இவ்வளவு நேரம் மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள்! அவளோ, 'எனக்காக உட்கார்ந்திருக்காதே, எழுந்து போய் வேலையைப் பார்' என்று சபை நடுவில் சொல்லிவிட்டாள். பெற்ற வயிறு குளிர்ந்துபோயிற்று. ஒரே மூச்சில் அந்தச் சூடான டீயைக் குடித்தாள். நாக்கு வெந்தது. வேகட்டும் என்று விட்டாள்.

அந்த நேரம் மருமகன் ஆட்டை வாசலுக்கு இழுத்து வந்து நிறுத்தினான். கொழுத்த வால், கறுத்த முகம். விருந்தாளி உள்ளங்கை விரித்து ஆசி சொன்ன பிறகுதான் ஆட்டின் மேல் கத்தி வைப்போம். சொல்லி முடித்ததும் எல்லோரும் 'ஓமின்' என்று முகத்தைத் தடவிக்கொள்ள வேண்டும்.

"ஆசி சொல்லுங்க சம்பந்தியம்மா," என்று ஜோரொபேக் கைகளை விரித்தார்.

அனார்கான் கைகளை விரிக்கவில்லை.

"சம்பந்தி, ஒண்ணு கேக்கறேன். இந்த வருஷம் உங்க ஊர்ல மழைக்கு ஆடு வெட்டினீங்களா?"

"இன்னும் இல்ல. பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்."

"மலை காய்ஞ்சு கிடக்கு. இவ்வளவு நல்ல ஆட்டை எனக்கு ஒருத்திக்கு வெட்டினா பாவம் இல்லையா? தண்ணிக்கரையில வெட்டுவோம். ஊரைக் கூப்பிடுங்க. மழைக்குக் கேட்டு வெட்டினதா இருக்கட்டும். ஆசியை அங்க சொல்றேன்."

மழைக்கு ஆடு வேண்டாம் என்று வறட்சி வருஷத்தில் எந்த வாய் சொல்லும்? சைரா அதற்குள் எழுந்து தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். "நல்ல காரியம்! நான் போய்த் தெருவுல சொல்றேன்."

ஒரு மணி நேரத்தில் தலைமடைத் தெரு முழுக்க ஷட்டரடியில் கூடிவிட்டது. கொப்பரை வந்தது, விறகு வந்தது, கிழவர்கள் உட்காரக் கம்பளி வந்தது. அனார்கானுக்கு உள்ளே ஒவ்வொரு நிமிஷமும் கீறிக்கொண்டிருந்தது. ஆனால் இந்த முறை ஊர் கூடும் வரை பொறுத்தாக வேண்டும். மணி பதினொன்று ஆகப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவள் கைகளை விரித்தாள். நூறு ஜோடிக் கைகள் விரிந்தன. இரும்புப் பலகைக்கு அடியில் தண்ணீர் இரைந்துகொண்டே ஓடியது.

"கடவுளே, இந்த ஊரு பிள்ளைங்களுக்கு நோய் நொடி அண்டாம இருக்கட்டும்."

"ஓமின்!"

"ஆடு மாடு பெருகட்டும். வெங்காயம் தலை பெருக்கட்டும்."

"ஓமின்!" ஜோரொபேக்கின் குரல்தான் உரக்கக் கேட்டது.

"மலையில பனி விழட்டும், காலத்துல மழை பெய்யட்டும்."

"ஓமின்!"

"தூரம் போன புருஷன்மாரு வீடு திரும்பட்டும்."

"ஓமின்!" பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மூச்சு விடாமல், குரலை உயர்த்தாமல், அதே ராகத்தில் அனார்கான் தொடர்ந்தாள். "இந்த ஷட்டரைத் தூக்கின கை நல்லா இருக்கட்டும். அந்தக் கையே இப்ப, எல்லார் கண் முன்னாடியும், இதை இறக்கட்டும். காய்ஞ்சு கிடக்கிற எழுபது வீட்டுச் சோளம் அந்தக் கையை வாழ்த்தட்டும்!"

"ஓமின்!"

நூறு பேரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். ஜோரொபேக்கும் நெற்றியிலிருந்து தாடி வரை பதமாக, பக்தியாகத் தடவிக்கொண்டார். கை தாடியை விட்டு இறங்கும்போதுதான் காதில் விழுந்தது மூளைக்குப் போய்ச் சேர்ந்தது. அப்படியே நின்றுவிட்டார்.

பின்னால் எங்கோ எர்கேஷ் இருமலை அடக்கப் படாத பாடு பட்டான்.

கம்பளியில் உட்கார்ந்திருந்த மொல்தோபாய்க் கிழவர்தான் முதலில் வாய் திறந்தார். தலைமடையில் மூத்தவர் அவர். "என்னப்பா பாத்துக்கிட்டு நிக்கிற? ஓமின் சொன்னியா இல்லையா?"

"சொன்னேன் தாத்தா, ஆனா..."

"ஓமினுக்கு அப்புறம் ஆனா கிடையாது. மழைக்குக் கேட்டுட்டு, முகத்துல தடவினதை அழிக்கப் பாக்கறியா? சக்கரத்தைத் திருப்பு. நானும்தான் சொன்னேன். என் உருளைக்கிழங்கும்தான் பாதி நனைஞ்சிருக்கு."

ஜோரொபேக் அனார்கானைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. அவருடைய மீசை ஒருமுறை துடித்தது. கோபம் வரப்போகிறது என்றுதான் அவள் நினைத்தாள். வந்தது சிரிப்பு, வயிற்றிலிருந்து கிளம்பி, தோள் குலுங்க.

"சம்பந்தியம்மா! பதினோரு ஆட்டுல எனக்கு ஒரு வம்பும் வரல. பன்னிரண்டாவது ஆட்டுல மாட்டிக்கிட்டேனே!"

சாவியை எடுத்தார். சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினார். இரும்புப் பலகை முனகிக்கொண்டே இறங்கியது. கிளை வாய்க்காலின் இரைச்சல் தேய்ந்து அடங்க, பெரிய வாய்க்காலில் தண்ணீர் எழும்பி, வளைந்து, கீழ்ப்பக்கம் கிளம்பியது. அனார்கான் மதகுத் தூணைப் பிடித்தபடி குனிந்து அது போகும் திசையைப் பார்த்தாள்.

ஜோரொபேக் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். இப்போது குரல் இறங்கியிருந்தது.

"ஆறு மணிக்கு மூடியிருக்கணும். இப்ப பதினொண்ணு. யார் யாருக்கு வெட்டு?"

"அறுபத்தாறுலருந்து எழுபது வரைக்கும்."

"அதுல யாரு?"

"அறுபத்தொம்பது ஒரு பொண்ணு. நாலு பிள்ளைங்க. புருஷன் இல்லாத மாதிரிதான். எழுபது நான்."

ஜோரொபேக்கின் முகம் கறுத்தது. "நீங்களா? இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"சொன்னா எனக்காகக் கேட்ட மாதிரி ஆயிரும்."

அவர் தன் ஊர்ப்பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார்: "கேட்டுக்கங்க! நம்ம சம்பந்தி வயலைக் காயவச்சு நாம வெங்காயம் தின்னோம்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. அஞ்சு மணி நேரம் நாமதான் அதிகமா எடுத்தோம். அடுத்த நம்ம முறையில அஞ்சு மணி நேரம் கழிச்சுக்குவோம். கடைமடைக்கு எழுபது மணி நேரமும் முழுசா ஓடும். நடுமடைக்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

இரண்டு மூன்று பேர் முறுமுறுத்தார்கள். "என் வயலும் காயுதுய்யா," என்றான் ஒருவன்.

"கையெழுத்துப் போட்டது நீயா நானா?" என்று மொல்தோபாய்க் கிழவர் கேட்டார். "கத்தியைக் கொண்டாங்கடா, ஆடு நிக்குது."

அன்றைக்கு அனார்கான் சாப்பிட்ட மாதிரி அவள் மகள் கல்யாணத்தில்கூடச் சாப்பிட்டதில்லை. இப்போது ஒரு கவளமும் யார் வயலிலிருந்தும் போகவில்லை. கறி பஞ்சாக வெந்திருந்தது. எர்கேஷ் இரண்டு பங்கு தின்றுவிட்டு மூன்றாவதுக்குக் கை நீட்டினான். "மழைக்கு வெட்டினது அக்கா, மிச்சம் வச்சா புண்ணியம் குறையும்." கிளம்பும்போது ஜிபெக் வண்டி வரை வந்தாள். அம்மாவின் தோளில் நெற்றியை ஒருதரம் வைத்து எடுத்தாள். பின்னாலேயே வந்த சைரா கறிப்பொட்டலத்தை ஜன்னல் வழியே திணித்தாள்.

"சம்பந்தியம்மா, உங்க மகளுக்கு டீ ஊத்த நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க," என்றாள். கண்ணில் குறும்பு இருந்தது, விஷம் இல்லை. "எங்க அம்மா வந்து என் மாமனார்கிட்ட மாட்டிக்கிட்டப்ப எனக்கு இந்தத் துணிச்சல் வரல."

பாதி வழி தாண்டியதும் அவர்கள் தண்ணீரின் தலையைப் பிடித்தார்கள். எர்கேஷ் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினான். காய்ந்த வாய்க்காலில் நுரையும் வைக்கோலும் ஆட்டுப்புழுக்கையும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் முன்னால் உருள, பழுப்பு நிறத்தில் தண்ணீர் நடந்து வந்துகொண்டிருந்தது. வெடிப்பு ஒவ்வொன்றிலும் நின்று குடித்துவிட்டு மறுபடி நகர்ந்தது. இரண்டு பேரும் கொஞ்ச தூரம் அதன் கூடவே நடந்தார்கள். எர்கேஷுக்குக் கண் கலங்கியது. புழுதி என்று சொன்னான். அனார்கானும் ஆமாம், புழுதி என்றாள்.

கடைமடைக்கு அவர்கள் வந்தபோது கரையில் பாதி ஊர் நின்றது. மாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வளைவு திரும்பியபோது கிழவிகள் குலவையிட்டார்கள், முதல் சீட்டுக்காரன் மடையை வெட்டிவிட ஓடினான். எல்லோரும் அவன் பின்னால் ஓட, கலிபா மட்டும் காலையில் உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கணக்கு தெரியும். ஐந்து மணி நேரம் தாமதம் என்று விரல் விட்டு எண்ணிவிட்டிருந்தாள்.

"சொல்லு அக்கா," என்றாள் நிமிராமல். "எனக்கு இல்லதானே? பரவாயில்ல, சொல்லிரு. உனக்கும்தான் போச்சு."

அனார்கான் அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து வாயில் சுமந்துகொண்டு திரிந்த அந்த வார்த்தை இனி வேண்டாம் என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது.

"நாளை மறுநாளுக்கும் மறுநாள், மதியம் ஒரு மணியிலிருந்து ரெண்டு மணி வரைக்கும் தண்ணி உன்னோடது. முழு மணி நேரம். ரெண்டு அடிச்சா நான் மண்வெட்டியோட வருவேன், ஒரு நிமிஷம் கூடுதலா கேட்டேன்னா பல்லைப் பேத்துருவேன்."

கலிபா அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு தலைத்துணியை வாயில் அமுக்கிக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். அனார்கானும் அழுதாள்.